அதங்கோட்டாசானின் வேலை

பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்தில் தாரின் திரட்சியைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். கொண்டுவந்தவர் மச்சானா மாமனா என்று பார்ப்பதில்லை. அதே ஊர்க்காரர் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தால் கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா, ஆளுக்கொரு பொன்னாடை, புத்தகத்தைப் புரட்டாமலே பாராட்டுரை. இதைப் பொய் என்று திட்டிப் பயனில்லை. அச்சேறிய பிறகு மேடையில் உண்மையைச் சொன்னாலும் ஒரு வரிகூட மாறாது, மனக்கசப்புதான் மிச்சம். தெரிந்தவர் எழுத்தைப் பற்றி நாம் நேர்மையாகப் பேசாததற்குத் துணிவின்மை பாதிக் காரணம்தான். பேசியாக வேண்டிய நேரத்தில் கையெழுத்துப்படி நம் கைக்கு வருவதில்லை என்பதே பெரிய காரணம்.

பழைய மரபு பாராட்டையும் குறைகாண்பதையும் தனித்தனியே வைத்திருந்தது. சிறப்புப்பாயிரம் எழுதத் தக்கவர்களாக நன்னூல் சொல்வது ஆசிரியர், உடன்படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோரை. பெரும்பாலும் வேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களும் வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. நூல் எந்த வழியில் வந்தது, யாருக்கானது, என்ன பயன் என எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இன்றைய அணிந்துரைகளில் இரண்டு தேறினால் அதிகம். குறை காண்பது அரங்கேற்ற அவையின் வேலை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும், அதை அவையில் கேட்ட அதங்கோட்டாசானும் தொல்காப்பியரோடு அகத்தியரிடம் பயின்றவர்கள் என்பது மரபு. நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில் ஆசான் குறை கூறக் கூறத் தொல்காப்பியர் விடை சொல்கிறார். வரலாறோ கட்டுக்கதையோ, முதல் எதிர்க்கேள்வி உடன்படித்தவனிடமிருந்து வர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இந்த முறையின் கோளாறும் அங்கேயே இருக்கிறது. தொல்காப்பியர்மேல் சினந்த அகத்தியர், அந்த நூலைக் கேட்காதே என்று ஆசானை முன்பே தடுத்திருந்தாராம். தெரிந்தவர் சொல்லும் குறையில் பழைய கணக்கு ஏதாவது கலந்தே வரும். பங்காளித் தகராறு, கைமாற்று, சாதிச் சங்கப் பதவி எல்லாம் சிற்றூர் விமர்சனத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் அந்நியரிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி எதற்கு நிற்கிறது என்று தெரியாமல் எழுதிய பத்தியைச் சென்னை விமர்சகர் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். வேலூர்க்காரர்தான் தடுத்து நிறுத்துவார். உள்ளூர்க்காரரின் குறை மிரட்டலாகவும் மாறுமே என்பது இன்னும் கனமான மறுப்பு. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவல் மீது திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் அதன் ஆசிரியர் பெருமாள்முருகன் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்ததை நாமக்கல் மாவட்டம் மறந்திருக்காது. ஆனால் அங்கே நடந்தது விமர்சனமே அல்ல. விமர்சனம் முடிவை எழுதியவரிடமே விட்டுவிடும். அங்கே முடிவைக் கூட்டம் எடுத்துக்கொண்டது.

அதே பெருமாள்முருகன் நாமக்கல்லில் முன்னின்று நடத்திய ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு வேறொரு வழியைக் காட்டியது. அறிந்த முகங்களுக்கு நடுவே ஒருவர் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். ‘சாதியும் நானும்’ போன்ற தொகுப்பு அந்தச் சூழலில் விளைந்தது. பெரிய எழுத்தாளர் ஒருவரைச் சுற்றி அமையும் வட்டத்தில் எல்லோருடைய ரசனையும் மெல்ல ஒன்றாகிவிடும் ஆபத்து எங்கும் உண்டு. அதனால் கையெழுத்துப்படியை ஒருவரோடு ஒருவர் பழக்கமில்லாத இரண்டு நண்பர்களிடம் தனித்தனியே கொடுப்பது மேல். இருவரும் ஒரே பத்தியில் தடுமாறினால், அதை ரசனை வேறுபாடு என்று சொல்லித் தப்ப முடியாது.