சொல்லப்பட்ட முடிவும் காட்டப்படாத அழிவும்: பஸ்ஸானியின் 'ஃபின்ஸி-கொன்டினிகளின் தோட்டம்'

முன்னுரை

இத்தாலிய யூத எழுத்தாளர் ஜார்ஜியோ பஸ்ஸானி (1916–2000) எழுதிய 'ஃபின்ஸி-கொன்டினிகளின் தோட்டம்' 1962ஆம் ஆண்டு வெளிவந்த புதினமாகும். ஃபெர்ரரா நகரில் மதில் சூழ்ந்த மாளிகையில் வாழ்ந்த செல்வ யூதக் குடும்பம் ஒன்றின் அழிவு இதன் பொருள். ஆயினும் அவ்வழிவைப் புதினம் காட்சியாக விரிப்பதில்லை. இத்தவிர்ப்பு படைப்பின் குறையா, அறமா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

முடிவை முன்வைத்தல்

புதினத்தின் முகப்புப் பகுதி 1957இல் நிகழ்கிறது. செர்வெடெரியில் எத்ருஸ்கர் கல்லறைகளைக் காணச் செல்லும் கதைசொல்லிக்கு, ஃபின்ஸி-கொன்டினிகள் எழுப்பிய பெருங்கல்லறை நினைவுக்கு வருகிறது. அவன் பழகி நேசித்தவர்களுள் 1942இல் நோயால் இறந்த ஆல்பர்ட்டோ மட்டுமே அங்கு அடக்கமாகியுள்ளான். தங்கை மிக்கோல், பெற்றோர், பாட்டி ஆகியோர் 1943இல் பிடிபட்டு ஜெர்மனிக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறை வாய்த்ததா என்பதே தெரியவில்லை. முடிவு முன்னரே தெரிந்துவிடுவதால், என்ன நிகழும் என்ற ஆர்வம் அகன்று, எவ்வாறு நிகழ்ந்தது என்ற வினா வாசகர்முன் நிற்கிறது.

விலக்கலின் படிநிலைகள்

இவ்வினாவுக்கான விடை 1938ஆம் ஆண்டின் இனச்சட்டங்களில் தொடங்குகிறது. டென்னிஸ் கழகம் யூதர்களை விலக்குகிறது. பொது நூலகத்திலிருந்து கதைசொல்லி வெளியேற்றப்படுகிறான். மிக்கோலின் தந்தை எர்மான்னோ தம் வீட்டு ஆடுகளத்தையும் நூலகத்தையும் திறந்துவிடுகிறார். விலக்கியோர் அந்நியர் அல்லர்; அன்றாடம் பழகிய ஊராரே. இறுதியில் கைது செய்வோரும் இத்தாலியப் பாசிசக் குடியரசினரே.

மதிலுக்குள் ஒதுங்கிய செருக்கே இக்குடும்பத்தை அழித்தது எனக் கருத இடமுண்டு. அக்கருத்தைக் கதைசொல்லியின் தந்தை வழியாகப் புதினமே மறுக்கிறது. அவர் பாசிசக் கட்சி உறுப்பினர், ஊரோடு ஒன்றியவர். ஒதுங்கியவரையும் ஒன்றியவரையும் சட்டம் ஒருசேர விலக்குகிறது. எனவே அழிவின் காரணத்தைப் பாதிக்கப்பட்டோரின் இயல்பில் தேடுவது பொருந்தாது.

திரைப்படமும் புதினமும்

விட்டோரியோ தெ சிக்கா 1970இல் இயக்கிய திரைப்படம், புதினம் சில வரிகளில் கூறும் கைதை இறுதிக் காட்சியாக விரிக்கிறது. பஸ்ஸானி அத்திரைக்கதையை ஏற்கவில்லை. காட்சி உருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஐந்தாண்டுக்கால விலக்கலின் கனம் ஒரு நாளின் துயருக்குள் ஒடுங்கிவிடுகிறது.

புதினத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மிக்கோல் முழுவதும் கதைசொல்லியின் கைகூடாக் காதல் வழியாகவே அறியப்படுகிறாள். தனக்கு நேரவிருப்பதை அவள் எவ்வளவு உணர்ந்திருந்தாள் என்பது தெளிவாவதில்லை.

முடிவுரை

கதைசொல்லி கைதையும் பயணத்தையும் கண்டவன் அல்லன். காணாததைக் கண்டதுபோல் புனைய அவன் மறுக்கிறான். கண்ட விலக்கல்களை மட்டும் ஒன்றுவிடாமல் பதிவு செய்கிறான். ஆகவே இத்தவிர்ப்பு குறையன்று. சாட்சியத்தின் நேர்மை எனலாம்.