சின்னத்திரையில் அச்சச்சுவை: ‘மர்ம தேசம்’ பற்றிய ஒரு நோக்கு

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தெண்ணியவர் தொல்காப்பியர். அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காம் என்பது அவர் கொள்கை. அணங்காவது மக்களை வருத்தும் தெய்வ ஆற்றல். இறையாவான் ஆளும் தகுதியுடையோன். ஏனைய இரண்டும் வெளிப்படை. சின்னஞ்சிறு பட்டியலே ஆயினும், மாந்தர் அஞ்சுவன யாவும் இதனுள் அடங்கும். நாடக மேடைக்கும் கூத்துக் களரிக்கும் பொருந்தும் இவ்வளவுகோல் தொலைக்காட்சிக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. தமிழ்த் தொலைக்காட்சியில் அச்சத்தையே பொருளாகக் கொண்டு பெயர்பெற்ற தொடர் ‘மர்ம தேசம்’ ஆதலின், ஆராய்ச்சிக்கு அதுவே ஏற்றது.

அச்சக் கதைகளைத் தொகுப்பாக வழங்கும் வழக்கம் மேலைநாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றியது. வாரந்தோறும் வெவ்வேறு கதை, வெவ்வேறு பாத்திரங்கள். தொடரின் பெயர் ஒன்றே மாறாதது. அமெரிக்காவில் ரொட் சேர்லிங் உருவாக்கிய ‘ருவைலைற் சோன்’ 1959 முதல் 1964 வரை 156 பகுதிகளாக நிலைபெற்றது. அஃது அரிய விதிவிலக்கு. பி.பி.சி. 1968இல் வழங்கிய ‘லேற் நைற் ஹொரர்’ ஆறு பகுதிகளோடு முடிந்தது. அவற்றுள்ளும் ஒன்றே இன்று எஞ்சியுள்ளது. அச்சப் படங்களுக்குப் பேர்போன ஹமர் நிறுவனம் 1980இல் தயாரித்த தொடரும் 13 பகுதிகளோடு நின்றது.

இத்தொடர்களின் அற்ப ஆயுளுக்குக் காரணம் இவ்வடிவத்திலேயே உண்டு. ஒவ்வொரு கதைக்கும் புதிய காட்சியமைப்பும் புதிய நடிகரும் வேண்டுதலாற் செலவு மிகும். அதனினும் பெரிய இடர்ப்பாடு வேறொன்று. பார்வையாளர் அடுத்த வாரமும் நாடிவருதற்குப் பழகிய முகம் ஒன்று வேண்டும். தொகுப்புத் தொடரில் அஃதில்லை. அச்சமோ பழக்கத்தால் தேய்வது. தொலைக்காட்சியோ பழக்கத்தால் வாழ்வது. இம்முரண்பாட்டைத் தீர்த்தல் எளிதன்று.

‘மர்ம தேசம்’ இதற்கு ஒரு நடுவழி கண்டது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் கதை வழங்க, 1990களின் நடுப்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை இத்தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என ஐந்து கதைகள் ஒரு பெயரின் கீழ் வந்தன. கதை முடிந்ததும் பாத்திரங்கள் மறைவர். ஆயின் ஒவ்வொரு கதையும் பல வாரங்கள் நீளும். இதனால் தொகுப்பின் புதுமையும் தொடரின் பழக்கமும் ஒருங்கே வாய்த்தன. முதலிரு கதைகளும் அச்சில் வெளிவந்த நாவல்களைத் தழுவியவை ஆதலால், வாரந்தோறும் ஐயம் எழுப்பி நிறுத்தும் பத்திரிகைத் தொடர்கதையின் உத்தி சின்னத்திரைக்கு எளிதில் மாறியது.

இவற்றுள் ‘விடாது கருப்பு’ தலைசிறந்தது என்பது பலர்க்கும் உடன்பாடு. தோட்டக்காரமங்கலம் என்னும் சிற்றூரிலே தவறிழைப்போரைக் கருப்புசாமி தண்டிக்கிறார் என்பது ஊராரின் நம்பிக்கை. தண்டனைகள் நிகழ்கின்றன, தண்டிப்பது தெய்வமா மனிதனா என்பது தெரியவில்லை. இரவின் இருளும் குதிரைக் குளம்பொலியும் பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகின்றன. கருப்பின் முகத்தைக் காட்டாது ஒலியை முன்னே விடுவது இயக்குநரின் திறம். பேயுருக்களையும் சாயம் பூசிய முகங்களையும் வலிந்து காட்டிய அக்காலத்து அச்சப் படங்களோடு ஒப்பிடுவார்க்கு இவ்வடக்கத்தின் அருமை புலனாகும். கடந்தகாலமும் நிகழ்காலமும் மாறிமாறி வரும் கதைப்பின்னலும், சேத்தன், தேவதர்சினி முதலியோரின் மிகையற்ற நடிப்பும் இதற்குத் துணைநின்றன.

இனித் தொல்காப்பியரின் அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். கதை அணங்கில் தொடங்குகிறது. முடிவிலோ மனப்பிளவு நோய் என்னும் அறிவியல் விளக்கமும், மனிதரின் பேராசையும் வெளிப்படுகின்றன. குற்றவாளி இன்னார் என இங்கு உரைத்தல் முறையன்று. அணங்கென்று அஞ்சியது ஈற்றில் மனிதச் செயலாக மாறுகிறது என்பதே கருதத்தக்கது. அதாவது, அணங்கால் விளைந்த அச்சம் கள்வரால் விளைந்த அச்சமாகத் தீர்க்கப்படுகிறது. பகுத்தறிவையும் பத்தியையும் ஒருசேரப் பகைத்துக்கொள்ளாத இம்முடிவு சிலர்க்கு நழுவலாகத் தோன்றும். அறிவியலால் விளக்கிய பின்னும் தெய்வத்துக்கு ஓரிடம் ஒழித்துவைப்பது இத்தொடரின் பொதுவான போக்கு. விளக்கம் முழுமையாயின் தெய்வத்துக்கு வேலையில்லை; தெய்வம் உண்மையாயின் விளக்கத்துக்குத் தேவையில்லை. இவ்விரண்டையும் வைத்துக்கொள்ள முயன்றமை கதைக்கட்டுக்குக் குறையே.

எனினும், அக்குறையினும் ஆழமான ஓருண்மை இதில் உண்டு. கருப்பு வெறும் அணங்கு அன்று. நீதி வழங்கும் இறையும் ஆம். வழக்குமன்று எட்டாத சிற்றூரில், செல்வாக்குடையோனைத் தட்டிக்கேட்பார் இல்லாத இடத்தில், தவறாது வந்து தண்டிக்கும் ஓராற்றலை மக்கள் வேண்டிநிற்கின்றனர். எனவே ஊராரிடத்து அச்சமும் ஆறுதலும் கலந்தே உள்ளன. தொல்காப்பியர் கூறிய நான்காம் நிலைக்களன், முதலாவதன் உருவில் மறைந்து நிற்கிறது. இக்கதையின் வலிமை இதுவே. கள்வனைக் காட்டிக் கதையை முடிக்கையில் இவ்வலிமையின் ஒருபகுதி கைநழுவுகிறது. நீதி கேட்ட ஊருக்குத் துப்பறிந்த விடை மட்டும் கிடைக்கிறது.

இவ்வேறுபாட்டை வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து நோக்குவோர் எளிதில் உணர்வர். இத்தொடர் தமிழகத்தில் ஒளிபரப்பான ஆண்டுகளில் வன்னியில் அதனைக் கண்டோர் மிகச் சிலரே. கொக்காவிலில் இருந்த ரூபவாகினி அஞ்சல் நிலையம் 1990இல் போரில் அழிந்தது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வு யாழ்ப்பாணத்து மக்களைப் பெருந்தொகையாக வன்னிக்குக் கொணர்ந்தது. 1996இல் கிளிநொச்சி போர்க்களமாயிற்று. 1997 மே மாதம் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை தொடங்கியது. மின்சாரமின்றி மின்பிறப்பாக்கிகளையும் குப்பிவிளக்குகளையும் நம்பி வாழ்ந்த மக்களுக்குச் செய்மதித் தொலைக்காட்சி எட்டாப்பொருள். கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011இல் திறக்கப்பட்டது. அதற்குள் அத்தொடர் பழங்கதையாகிவிட்டது. இன்று இணையத்தின் வாயிலாக அதனைக் காணும் வன்னி மாணவர், தம் பெற்றோர் வேறுவகை இரவுகளைக் கழித்த காலத்துக் கதையையே காண்கின்றனர்.

வன்னி மக்களுக்கு அணங்கு அயலானதன்று. குளக்கட்டிலே ஐயனார் காவலிருக்கிறார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிகிறது. முறிகண்டிப் பிள்ளையாரைத் தொழாது வண்டிகள் செல்வதில்லை. இங்கெல்லாம் தெய்வம் வியப்புக்குரியது, துணையானது, திகிலுக்குரியதன்று. விலங்கச்சமும் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டியது. பரணிலிருந்து யானைக்குக் காவல்காத்த உழவர்க்கு அதனைத் திரையிற் காட்டவேண்டுவதில்லை. அவர்களை உண்மையாக நடுங்கச் செய்தது இறையச்சமே: ஆளும் அதிகாரமும் படைக்கலமும் தரும் அச்சம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தொடர்கதையின் மர்மம் ஈற்றில் துலங்கும் என்னும் உறுதி பார்வையாளர்க்கு உண்டு. அத்தாய்மார்க்கு அவ்வுறுதியை அளிப்பார் இல்லை. ‘என் மகன் எங்கே?’ என்னும் வினாவுக்கு விடை வரும் இறுதிப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை.

இஃது அத்தொடரின் மீது சுமத்தும் குற்றமன்று. அதன் எல்லையைச் சுட்டுவதே. அவ்வெல்லைக்குள் அது செய்தது சிறிதன்று. நாட்டார் தெய்வங்களையும் சித்தர் மரபையும் கேலிப்பொருளாக்காது, வேற்றுமொழிப் பேய்க்கதைகளை இரவல் வாங்காது, தமிழ் மண்ணிலிருந்தே அச்சச்சுவையைத் தோற்றுவித்தது. அதன் காலம் குறுகியதற்குக் காரணம் தரக்குறைவு அன்று. 1999ஆம் ஆண்டின் இறுதியில் ‘சித்தி’ போன்ற நாள்தோறும் வரும் நெடுந்தொடர்கள் தலையெடுத்தபின், வாரம் ஒருமுறை வந்து குறித்த இடத்தில் முடியும் கதைக்கு நிலையங்களில் இடம் குறைந்தது. முடிவில்லாக் கதையே வணிகத்துக்கு உகந்தது. முடிவுள்ள கதையே கலைக்கு உகந்தது.

வன்னியிலிருந்து நாளை எழுத முற்படும் இளைஞர் இதிற் கற்கவேண்டியவை இரண்டு. உருவத்தை மறைத்து ஒலியால் அஞ்சச் செய்யும் அடக்கத்தை நாகாவிடம் கற்கலாம். அச்சத்தின் நான்காம் நிலைக்களனை அணங்கின் போர்வையின்றி நேரே எழுதும் துணிவை வேறெவரிடமும் கற்க முடியாது. அது தம் மண்ணின் அனுபவத்திலிருந்தே வரவேண்டும். அத்தகைய நாடகம் கள்வனைக் கண்டுபிடித்ததோடு அமையாது. கருப்பிடம் ஊரார் வேண்டிநின்ற நீதியையும் கேட்கும்.