பட்டியலில் இல்லாத காலம்

உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பான ஐ.சி.டி.-10, நம் மருத்துவமனைப் பதிவேடுகளின் அடிப்படை நூல். கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அதையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அது தரும் குறியீடு சி 50. குடும்பத்தில் யாருக்காவது அந்நோய் இருந்திருந்தால் இசட் 80.3. புற்றுநோய் வருமுன் தடுக்க உறுப்பை அகற்றினால் இசட் 40.0. முதலாவது நிகழ்காலம், இரண்டாவது இறந்தகாலம், மூன்றாவது, கத்தி வைத்து முடித்த காரியம்.

எதிர்காலம் எங்கே? பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக்களில் ஒன்றில் கேடான மாற்றத்தோடு பிறந்த பெண்ணுக்கு இன்று நோய் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட 100 பெண்களில் ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்கின்றன ஆய்வுகள். சினைப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்தும் மிக அதிகம். இந்த நிலைக்கு அப்பட்டியலில் தனி எண் இல்லை. அமெரிக்கா தன் தேவைக்கு விரித்துக்கொண்ட பதிப்பில் உண்டு: மார்பகத்துக்கு இசட் 15.01, சினைப்பைக்கு இசட் 15.02. நம் பதிவேட்டிலோ அவள் நோயுற்ற ஒருத்தியின் உறவு, அல்லது அகற்றப்பட்ட உறுப்பு. ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு, சினைப்பையை அகற்றும் முன் பிள்ளை பெறுவதா என்று யோசித்துக்கொண்டு நடுவில் வாழும் பெண்ணுக்குப் பெயரில்லை.

பெயரில்லாததற்கு விலை உண்டு. நோய் வந்து படுக்கையில் சேர்ந்தால் பணம் தருவதுதான் நம் காப்பீட்டின் அடிப்படை. வராத நோய்க்கான பரிசோதனையும் அறுவையும் அங்கே ‘தேவையற்ற செலவு’ ஆகிவிடுவது எளிது. எழுதப்படாதவளை யாரும் எண்ணுவதும் இல்லை. எண்ணுவதன் பயன் சென்னைக்குத் தெரியும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கிருந்து 1980களின் தொடக்கம் முதல் நடத்தப்படும் புற்றுநோய்ப் பதிவேடுதான், நகரத்துப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் ஏறிவருவதைக் காட்டியது. ஆனால் எந்தப் புற்றுநோய்ப் பதிவேடும் நோய் வந்தவர்களையே எண்ணும்.

பெண்ணியத் தோழிகள் இங்கே குறுக்கிடுவார்கள். எண் என்பது முத்திரையும் அல்லவா? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஜாதகத்தோடு சேர்த்து வீட்டு நோய்களையும் விசாரிக்கும் கல்யாணப் பேச்சுகள் நமக்குத் தெரியாதவையா? நியாயமான அச்சம். ஆனால் அந்த முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டுவிட்டது. ‘அவ அம்மா வழியில அந்த வியாதி உண்டு’ என்ற ஒரு வாக்கியம் போதும். அறிவியல்படி அந்த வாக்கியமே பிழை: மாற்றம் உள்ள பெற்றோர் தாயோ தந்தையோ, மகனோ மகளோ, பிள்ளைக்கு அது சேர 50 சதவீத வாய்ப்பு. தந்தை வழியைக் கேட்காமல் விடுவது மருத்துவம் அல்ல, பழக்கம். மௌனம் பெண்ணைக் காப்பாற்றவில்லை, ஆண்வழியைத்தான் காப்பாற்றியது.

ஆகவே எண்ணோடு காவலும் வேண்டும். மரபணுக் கோளாறு என்ற பொதுவான விலக்கைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. தீர்ப்பு மேல்முறையீட்டில் ஆட்டம் காணலாம், சட்டம் வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையிலும் சிகிச்சையிலும் ஒதுக்கக் கூடாது, ஒப்புதலின்றி அவர்கள் நிலையை வெளியிடக் கூடாது என்று 2017இல் தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. அமெரிக்கா 2008இலேயே மரபணுப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் செய்தது. அதில் ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது. அந்த ஓட்டையையும் சேர்த்து நாம் படிக்க வேண்டும்.

நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவேடுகள் புதிய பதிப்புக்கு மாறும் இந்தக் காலத்திலேயே இதைக் கேட்க வேண்டும்: புற்றுநோய் வராத, ஆனால் வரக்கூடிய பெண்ணுக்கும் ஆணுக்கும் அவரவர் பெயரில் ஒரு வரி. அந்த வரியை யார் பார்க்கலாம் என்பதை அவர்களே சொல்லும் உரிமை.