தென்னந்தோப்பில் இனக்கவர்ச்சி வாளி: ஒரு பருவ அனுபவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை உடனே அப்புறப்படுத்த மன்னார்குடிப் பக்கம் எல்லோராலும் முடியவில்லை. மட்கிய தென்னந்தடியிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளின் குருத்தை அது குடைய, விரியும் மட்டையெல்லாம் கத்தரியால் முக்கோணமாக நறுக்கியதுபோல் வந்தது. அந்தக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். முதல் வண்டு மரத்தை நலிவாக்கும். இரண்டாவது வண்டு தண்டுக்குள் புழுவாகப் பெருகி மரத்தையே சாய்த்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி வாளிப்பொறி வாங்கி ஒரு பருவம் வைத்துப் பார்த்தேன்.

மூடிக்குக் கீழே நான்கு துளை போட்ட பிளாஸ்டிக் வாளி, மூடியின் உட்புறம் தொங்கவிட ஒரு சிறிய லூர் பொட்டலம், கருவி இவ்வளவுதான். ஆண் வண்டு தன் இனத்தைக் கூட்ட விடும் வாசனையை ஆய்வகத்தில் செய்து பொட்டலத்தில் அடைத்திருக்கிறார்கள். கூன்வண்டின் வாசனைப் பொருளை 1993-இலும், காண்டாமிருக வண்டினுடையதை 1995-இலும் ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். இன்று அரபு நாடுகளின் பேரீச்சந்தோப்புகளிலும் கூன்வண்டைப் பிடிக்க இதே வாளிதான்.

பொருத்த அரைமணி நேரம் போதும். கூன்வண்டு வாளியின் வெளிப்புறத்தில் சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும். வண்டு கால் பிடித்து ஏறி, துளை வழியாக உள்ளே விழும். உள்சுவர் வழவழப்பு, ஏறி வர முடியாது. அடியில் தண்ணீர், கொஞ்சம் பூச்சிமருந்து, நறுக்கிய கரும்புத் துண்டு. லூர் மட்டும் வைத்தால் வரவு குறைவு. புளித்த வாடையும் சேர்ந்தால்தான் கூன்வண்டு கூடும். தண்ணீரையும் கரும்பையும் வாரம் ஒருமுறை மாற்றினேன்.

முதல் முறை வாளியைத் திறந்தபோது காண்டாமிருக வண்டுகளை எடுத்து உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தேன். கொம்பு நீண்டது ஆண். கொம்பு குட்டையாக, வால் நுனியில் செம்பழுப்பு மயிர்க்குஞ்சம் உள்ளது பெண். பெண்கள் நிறையவே இருந்தன. நெல் வயலில் குருத்துப்பூச்சிக்கு வைக்கும் பொறியில் ஆண் அந்து மட்டும்தான் விழும். இங்கே பெண்ணும் விழுகிறது, முட்டையிடும் முன்பே பல போய்விடுகின்றன. இந்தக் கருவியின் பெரிய பலம் இதுதான்.

குறையும் உண்டு. முதலில் கன்றுகளுக்கு நடுவிலேயே கட்டினேன். அது தவறு. வாசனைக்கு வருகிற வண்டெல்லாம் வாளிக்குள் போவதில்லை. சில பக்கத்துக் கன்றிலேயே உட்கார்ந்துவிட்டன. பிறகு வாளிகளைக் கன்றுகளை விட்டு விலக்கி வரப்போரத்துக்கு மாற்றினேன். லூர் சில மாதங்களில் தீர்ந்துவிடும். வெயிலில் இன்னும் சீக்கிரம். நிழலான இடமாகப் பாருங்கள்.

பழைய முறைகளையும் விட்டுவிட முடியாது. பானையில் ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசல் வைப்பது இன்றும் வண்டை இழுக்கிறது. குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து போடுவதும், எருக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணம் இடுவதும் அவசியம். வாளி பறக்கிற வண்டைத்தான் பிடிக்கும். குழிக்குள் இருக்கும் புழுவை அது தொடாது.

ஒருநாள் பக்கத்துத் தோப்புப் பெரியவர் வாளியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இதுல பாதி எங்க எருக்குழியில பொறந்ததாத்தான் இருக்கும்." உண்மைதான். வண்டுக்கு வரப்பு தெரியாது. கூன்வண்டுக்கு ஹெக்டேருக்கு ஒரு பொறி என்பது பொதுவான பரிந்துரை. அதாவது இரண்டரை ஏக்கருக்கு ஒன்று. நம் பக்கத்துச் சிறு தோப்புகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அந்த அளவு வந்துவிடும். செலவும் பங்கு போட்டால் சில நூறு ரூபாய்தான்.

வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் தனியாக வாங்காதீர்கள். இந்தப் பருவத்துக்குப் பெரியவரும் நானும் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். அவர் எருக்குழியையும் சேர்ந்தே கிளறிப் புழு பொறுக்கினோம். வாளி எங்கள் பொதுவரப்பில் தொங்குகிறது.