எவரை எவர் எடைபோடுவது?

வேட்டையாடப்படும் ஓரினம், அதனைக் கண்டெடுக்கும் அறிஞர் குழு, அவ்வினத்திற்குப் பகுத்தறிவு உண்டா என்னும் ஆராய்ச்சி, இறுதியில் ஒரு தீர்ப்பு. மேலைநாட்டுப் புனைகதைகளில் இவ்வமைப்பு பலமுறை கையாளப்பட்டுள்ளது. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, பிரெஞ்சு எழுத்தாளர் வெர்கோர் 1952இல் வெளியிட்ட நாவல். நியூகினித் தீவில் 'ட்ரோப்பி' என்னும் உயிரினத்தை அறிஞர்கள் காண்கின்றனர். அவை மனிதரா, விலங்கா என்பது விளங்கவில்லை. விலங்கென்று முடிவானால் கூலியின்றி ஆலையில் உழைக்க வைக்கலாம் என வணிகர் கணக்கிடுகின்றனர். சட்டம் வாய்திறந்தே ஆகவேண்டும் என்பதற்காக, ட்ரோப்பித் தாய்க்குப் பிறந்த குழவியைக் கதைத்தலைவன் கொன்று, தன்னையே கொலைக்குற்றத்திற்கு ஒப்புக்கொடுக்கிறான்.

நூலின் வன்மையை நாம் மறுக்கவில்லை. மனிதன் யார் என்பதற்குச் சட்டத்தில் இலக்கணமே இல்லை என்று அது எடுத்துக்காட்டுவது அரிய செயலே. ஆயினும் ஒரு குறை நம் உள்ளத்தை உறுத்துகிறது. மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் வேட்டையாடப்படுவோர் தலைமீதே ஏற்றப்படுகிறது. தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கும் வாய்ப்பு ட்ரோப்பிகளுக்கு இல்லை.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' குழுவினர் இவ்வமைப்பை அன்றே தலைகீழாக்கிக் காட்டினர். அவர்தம் ரிஸாலாக்களுள் 22ஆவதில், விலங்குகள் ஜின்களின் அரசன் முன் மனிதன்மீது வழக்குத் தொடுக்கின்றன. தான் எசமானன் என்பதற்கு ஆதாரம் காட்டும் பொறுப்பு அங்கே மனிதனுடையது! நிமிர்ந்த உடல், கூரிய புலன், கலை, கைத்தொழில் என அவன் அடுக்கும் பெருமைகளுக்கெல்லாம் விலங்குகள் விடையிறுக்கின்றன. முடிவில் தீர்ப்பு மனிதன் பக்கமே சாய்கிறது. ஆனால் அவன் அறிவுக்காக அன்று. மறுமை வாழ்வு அவனுக்கு உண்டு என்பதற்காகவும், நபிமாரும் நல்லடியாரும் அவனுள் தோன்றினர் என்பதற்காகவுமே. மறுமை என்றால் கணக்கும் உண்டன்றோ? 1810இல் மௌலவி இக்ராம் அலி இதனை உருதுவில் பெயர்த்துத் தந்தார்.

கற்பனை நிற்க, நம் மண்ணுக்கு வருவோம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் உறைந்த பழங்கடல் உயிர்களை ஆராய அறிஞர்கள் வந்தனர். பாறைத் தொகுதி ஒன்றுக்கு அவ்வூர்ப் பெயரையே சூட்டினர். அடுத்துள்ள பெரம்பலூர் மாவட்டத்து எறையூரிலோ, பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர் உயிரோடு வாழ்கின்றனர். அவ்வினத்தாரை அறிஞர் எங்ஙனம் படித்தனர்?

சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். தலையையும் மூக்கையும் அளப்பதில் பேரார்வம் கொண்டவர் அவர். குருவிக்காரர் என்னும் பெயரில் இம்மக்களைக் குறிப்பிட்டு, அவர்கள் பேசுவது மராத்தி என எழுதிச் சென்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்ட நூலில், சீனிவாச வர்மா அம்மக்களின் வாக்ரிபோலியை இந்தோ-ஆரிய மொழி ஒன்றாக ஆராய்ந்து, அதன் இலக்கணத்தை வகுத்துரைத்தார். குஜராத்தியோடு உறவுடைய மொழி அது என்பர் மொழியியலார். முன்னவர் அளவுகோலை நம்பினார். பின்னவர் செவியை நம்பினார். புலமை என்பது பின்னதே என்போம் நாம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்தம் வேட்டைத் தொழிலை மூடியது. பழங்குடியினர் பட்டியலிலோ 2023இல்தான் இடம் கிடைத்தது. அதுவரை தாம் யார் என்பதை அலுவலகம் அலுவலகமாக மெய்ப்பிக்க வேண்டியவர்கள் அவர்களாகவே இருந்தனர். வெர்கோரின் கதை நம் அண்டை ஊரிலேயே நடந்தேறியதன்றோ!

எனவே இத்தகைய கதைகளைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுப்போம். 'அவர்கள் மனிதர்தாமா?' என்பதன்று அது. 'அவ்வாறு கேட்கத் துணிந்தவன், தான் மனிதன் என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறான்?' என்பதே. பஸராவின் அறிஞர்கள் கேட்டதும் இதுவே.