பாட்டிலும் டப்பாவும்

பீர் குடிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பாட்டிலில் வருவதுதான் பீர், டப்பாவில் வருவது தகர வாடை அடிக்கும் என்பது அவர் கட்சி. எனக்குப் பழக்கமில்லாத சங்கதி, வெகுநாள் நம்பியிருந்தேன்.

2016-இல் எடின்பரோ விஞ்ஞான விழாவில் இதைப் பரீட்சித்தார்கள். ஒரே ஈட்டில் காய்ச்சிய பீர். 151 பேரில் சிலருக்குப் பாட்டிலையும் மற்றவர்களுக்கு டப்பாவையும் காட்டி, கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பாட்டிலைப் பார்த்தவர்களே ருசி அதிகம் என்றார்கள். பிறகு வேறு 29 பேருக்கு எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் இரண்டையும் கொடுத்தபோது, எதற்கும் தனி மவுசு இல்லை.

டப்பாவின் உட்புறம் பூச்சு உண்டு. பீர் உலோகத்தைத் தொடுவதில்லை. வாய் வைத்துக் குடித்தால் உலோக வாடை மூக்கில் தட்டலாம். அது டப்பாவின் குணம், பீரின் குணமல்ல. உண்மையில் வெளிச்சம் பட்டுக் கெடுவது பாட்டில் பீர்தான். ஹாப்ஸ் பூவின் கசப்பு சிதைந்து நாற்றமெடுக்கும். பழுப்புக் கண்ணாடி பெரும்பாலும் காக்கும். பச்சைக் கண்ணாடி அவ்வளவு காக்காது.

நண்பரைக் கேலி செய்ய நினைத்தேன், வாய் வரவில்லை. வாராவாரம் வந்தபோது ‘வெறும் தொடர்கதை’ என்று நான் எழுதி ஒதுக்கிய ஒரு நாவலை, காலிகோ பைண்டில் கண்டதும் இலக்கியம் என்று மதிப்புரை எழுதியவன் நான். அதில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை.

நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் நாக்கு அப்படித்தான் சொல்லிற்று. ஆனால் அவர் தம் காசுக்குக் குடிக்கிறார். நான் பிறருக்குத் தீர்ப்புச் சொல்கிறேன். அந்த ஆசிரியருக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.