கோல்லம் ஏன் வழுக்கி விழுந்தான்?

நான் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனவன். கல்லூரி விடுதியில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பீட்டர் ஜாக்சனின் மூன்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். 1954–55இல் வந்த டோல்கீனின் நாவலை வாசித்தது, வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நடந்து எரிமலைக்கு வந்து சேர்ந்தபோது பெரிய ஏமாற்றம். அட, இவ்ளோதானா?

நாவலில் நடப்பது இதுதான். மோதிரத்தை நெருப்பில் போட வந்த ஃப்ரோடோ, கடைசி நொடியில் போட மாட்டேன் என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கோல்லம் பாய்ந்து அந்த விரலைக் கடித்து எடுக்கிறான். கிடைத்த சந்தோஷத்தில் கூத்தாடுகிறான், கால் தவறி மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். யாரும் தள்ளவில்லை. உலகத்தின் தலைவிதியே கால் இடறியதில் தீர்ந்துவிடுகிறது.

2003இல் வந்த மூன்றாவது படத்தில், விரலை இழந்த ஃப்ரோடோ எழுந்து வந்து கோல்லமோடு மல்லுக்கட்டுகிறான். இருவரும் விளிம்பைத் தாண்டுகிறார்கள். ஃப்ரோடோ பாறையைப் பிடித்துத் தொங்க, சாம் தூக்கிவிடுகிறான். முதலில் ஃப்ரோடோவே கோல்லத்தைத் தள்ளிவிடுவதாகப் படமாக்கி, அது கொலை மாதிரி இருக்கிறது என்று பிறகு மாற்றியதாக ஜாக்சன் சொல்லியிருக்கிறார். விடுதியில் நாங்கள் கைதட்டியது இந்தச் சண்டைக்குத்தான். நாவலில் இருந்த ஒரு பிழையைப் படம் சரிசெய்துவிட்டது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாசிப்பில்தான் அது பிழை இல்லை என்று புரிந்தது. முன்பு வேகமாகப் புரட்டிப்போன இரண்டு இடங்கள் அப்போது கண்ணில் பட்டன.

ஒன்று, மோர்டோருக்குள் ஏறும் படிக்கட்டு. ஃப்ரோடோவும் சாமும் அசந்து தூங்குகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கத் திட்டம் போட்டிருக்கும் கோல்லம் திரும்பி வந்து, தூங்குகிறவர்களைப் பார்த்து நிற்கிறான். தயங்கித் தயங்கி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்தக் கணத்தில் அவன் களைத்துப்போன ஒரு கிழவன் மட்டுமே. மனம் மாறியிருக்கலாம். ஆனால் சாம் விழித்துக்கொண்டு, என்னடா திருட்டுத்தனம் என்கிற தொனியில் எரிந்து விழுகிறான். அந்தக் கணம் போய்விடுகிறது.

இன்னொன்று, எரிமலைச் சரிவு. கோல்லம் சாமின் வாளுக்கு முன்னால் தரையில் கிடக்கிறான். கொல்ல எல்லா நியாயமும் இருக்கிறது. சாமால் முடியவில்லை. சில காலம் மோதிரத்தைச் சுமந்தவன் அவன், இந்தப் பிராணி எத்தனை வருடம் இதைச் சுமந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். போய்த் தொலை என்று விட்டுவிடுகிறான்.

பில்போ ஒருமுறை கொல்லாமல் விட்டான். ஃப்ரோடோ விட்டான். கடைசியாக, இரக்கமே காட்டாத சாமும் விட்டான். மூவரில் ஒருவர் வெட்டியிருந்தாலும் எரிமலையில் விரலைக் கடிக்க ஆள் இருந்திருக்காது, மோதிரம் ஃப்ரோடோவின் கையிலேயே இருந்திருக்கும். என்னை மறுபடி தொட்டால் நீயே நெருப்பில் விழுவாய் என்று ஃப்ரோடோ விட்ட எச்சரிக்கையும் நாவலில் உண்டு, அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆனால் அது பலிப்பதற்கும் கோல்லம் உயிரோடு இருந்தாக வேண்டுமே.

படம் இந்த இரண்டு இடங்களையும் எடுத்துவிட்டது. படிக்கட்டில் கோல்லம் ரொட்டியைத் தூக்கிப்போட்டு, பழியைச் சாம்மேல் போட, ஃப்ரோடோ சாமைத் திருப்பி அனுப்புகிறான். ஆக, சாமின் சந்தேகம் முழுக்கச் சரி, அவன் கடுமைக்கு எந்த விலையும் இல்லை. பில்போவின் இரக்கத்தைப் பற்றிக் காண்டால்ஃப் சொல்வதை முதல் படம் அழகாக வைத்திருக்கிறது. ஆனால் மூன்றாவது படத்தின் முடிவுக்கு அது தேவைப்படவே இல்லை.

சினிமாவில் கருணையை எப்படிக் காட்டுவது, ஆக்‌ஷன்தானே எடுபடும் என்று கேட்கலாம். இதே படங்களில் கோல்லம் தனக்குள் இரண்டு ஆளாகப் பிரிந்து பேசும் காட்சியை ஆண்டி செர்கிஸ் வெறும் முகத்தாலும் குரலாலும் நடத்திக்காட்டினார். முழங்காலைத் தொடும் ஒரு கையையும் அவரால் நடித்திருக்க முடியும்.

நாயகன் தோற்பதைப் படத்தால் தாங்க முடியவில்லை என்றே நினைக்கிறேன். தோற்றவனுக்கு உடனே ஒரு சண்டையைக் கொடுத்து ஈடுகட்டிவிடுகிறது. 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்த டோல்கீனுக்கு அந்த அவசரம் இல்லை. ஃப்ரோடோ தோற்றான், ஆனால் அது ஒழுக்கக் குற்றம் இல்லை, அந்த இடத்தில் யாராலும் முடிந்திருக்காது என்று கடிதங்களில் எழுதியிருக்கிறார். தன்னால் முடிந்த மட்டும் சுமந்து வந்தான், மிச்சத்தை முன்பு காட்டிய இரக்கம் பார்த்துக்கொண்டது.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்து எழுந்தால், கடைசியாகக் கை வைத்தவன் பெயர்தான் அறிக்கையில் நிற்கும். ஆறு மாதம் முன்னால் ஒருவர் பொறுமையாகச் செய்துவைத்த சின்ன விஷயம் காப்பாற்றியது யார் கண்ணிலும் படாது. படத்தின் கிளைமாக்ஸ் அந்த அறிக்கை மாதிரி.

இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை படத்தைப் பார்க்கிறேன், பிடித்தே பார்க்கிறேன். எரிமலைச் சரிவு வரும்போது மட்டும் கண் சாமின் வாளுக்குப் போகிறது. படத்தில் அது கோல்லத்தை வெட்டுகிறது. நாவலில் அது தாழ்ந்தது, உலகம் பிழைத்தது.